சொட்டுக் கணக்கு

"குழந்தைக்கு மூக்கடைப்பா? தலகாணில நீலகிரி தைலம் பத்து சொட்டு விடுங்க. காலைல பாருங்க, சளி இருந்த இடமே தெரியாது."

எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவுல இது வந்து விழுந்துச்சு. கீழயே வரிசையா கும்பிடற கை, ரோஜாப்பூ, "பயனுள்ள தகவல் சிஸ்டர்". கோயமுத்தூர்ல பனி இறங்கற சமயம் வேற. வீட்டுக்கு வீடு சளி. ஊட்டிக்குப் போயிட்டு வர்றவங்க வர்க்கியும் தைலமும் வாங்காம வர்றதில்ல, அதனால பாட்டில் இல்லாத வீடும் இல்ல.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சுங்க.

இத்தனைக்கும் வாசனை எண்ணெய்னா எனக்கு உசுரு. வெட்டிவேர், லாவெண்டர், ஆரஞ்சு, எலுமிச்சம்புல்னு அலமாரில ஒரு தட்டே இதுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கேன். பிடிச்ச விஷயத்தை யாராவது ஆபத்தாக் கையாண்டா பொறுக்க முடியாதுல்ல, அந்தக் கோபம்தான் இது.

முதல்ல அந்தத் தலகாணி விஷயத்தை முடிச்சுடறேன். வேற எதையும் படிக்கலைன்னாலும் இதை மட்டும் படிச்சுடுங்க.

கைக்குழந்தைக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் நீலகிரி தைலம் மூக்குக்கிட்ட, மூஞ்சிக்கிட்ட, தலகாணில, துணில, எங்கயும் வேண்டாம். அந்தத் தைலத்துல பெரும்பங்கு சினியோல்ங்கற ஒரே பொருள்தான். குப்புனு மூக்குல ஏறுதே, அது இதான். பெரியவங்களுக்கு இதமா இருக்கற அதே சினியோல், சின்னக் குழந்தைக்கு மூச்சை மட்டுப்படுத்தும், அசந்து போக வெக்கும், வலிப்பு வரைக்கும் கொண்டு போகும். புதினா உப்புங்கற மென்தாலும் அப்படித்தான். பச்சக் குழந்தை மூக்குல அது பட்டா தொண்டை சட்டுனு இறுகி மூச்சே நின்னு போற அபாயம் இருக்கு. இந்தத் துறையில எல்லாரும் எடுத்துப் பார்க்கற புத்தகம்னா, ராபர்ட் டிஸ்ஸரண்டும் ராட்னி யங்கும் சேர்ந்து எழுதினது. 2014-ல அதோட ரெண்டாம் பதிப்பு வந்துச்சு. பத்து வயசுக்குள்ள பிள்ளைங்க மூஞ்சிலயோ மூஞ்சிக்கிட்டயோ நீலகிரி தைலம் போடாதீங்கன்னுதான் அதுல இருக்கு.

"ஆனா மூக்கு திறக்குதே?"ன்னு கேப்பீங்க.

திறக்கறதில்லீங்க. திறந்த மாதிரி தோணுது. குளிர்ச்சியை உணர்ற நரம்பு முனைகள் மூக்குக்குள்ள இருக்கு. மென்தால் அதைத் தட்டி விடுது, மூளை அதை "ஆஹா, காத்து உள்ள வருது"ன்னு எடுத்துக்குது. அடைப்பு அப்படியேதான் இருக்கும். பெரியவங்களுக்கு அந்த உணர்வே ஆறுதல், அதை நான் கொறை சொல்லல. எட்டு மாசக் குழந்தைக்கு அந்த ஆறுதலால ஒரு பிரயோசனமும் இல்ல, ஆபத்து மட்டும்தான் மிச்சம். அதுக்கு உப்புத் தண்ணி சொட்டு மருந்து இருக்கு, குழந்தை டாக்டர் கிட்ட கேட்டா சொல்லுவாங்க.

இதே போல கற்பூரம்.

எங்க சித்தி பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். தொட்டில் கயித்துல ஒரு வெள்ளைத் துணி மூட்டை தொங்குது. பூஜைக் கற்பூரம், ஓமம், ரெண்டு மிளகு. பையன் அப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்கான், கைல கிடைச்சது எல்லாம் வாய்க்குத்தான். பக்கத்துல அவ மாமியார் உக்காந்து வெத்தலை மடிச்சுட்டு இருந்தாங்க.

"அத்தை, இந்த மூட்டையக் கொஞ்சம் கழட்டி வெச்சுடலாங்களா?"

"ஏங் கண்ணு? சளி அண்டாதுன்னு கட்டுனது. எம் பையனுக்கே கட்டித்தான் வளத்தேன்."

"நீங்க வளத்ததுல ஒரு கொறையும் இல்லீங்க அத்தை. இவன் துணியப் பிச்சு அந்த வில்லையை வாயில போட்டுட்டா என்ன பண்றது? கல்கண்டு மாதிரியே இருக்குதுங்களே."

அவங்க ஒரு நிமிஷம் பையனைப் பாத்தாங்க. அவன் சரியா அந்த நேரம் பாத்து ரிமோட்டைக் கடிச்சுட்டு இருந்தான்.

"சரி, சாமி ரூம்லயே கெடக்கட்டும் போ."

அவ்வளவுதான், மூட்டை கழண்டுச்சு. (பெரியவங்க கேக்க மாட்டாங்கன்னு நாமளா முடிவு பண்ணிக்கறோம். காரணத்தைப் பதமாச் சொன்னா நம்மளை விடச் சீக்கிரம் கேக்கறாங்க.)

நான் பயந்ததுக்குக் காரணம் இருக்கு. ஒரு கிராம் அளவு கற்பூரம் உள்ள போனதுலயே சின்னக் குழந்தைங்க இறந்து போன பதிவு மருத்துவ நூல்கள்ல இருக்கு. உள்ள போன கொஞ்ச நேரத்துலயே வலிப்பு வந்துடும். அமெரிக்காவுல மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1983-லயே, உடம்புல தடவற மருந்து எதுலயும் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு போட்டுச்சு. நம்ம ஊர் பூஜைக் கற்பூரம் வில்லை கிட்டத்தட்ட முழுக்கவே கற்பூரம். அதைக் கொண்டு போய்த் தேங்காய் எண்ணெயில காய்ச்சி குழந்தை நெஞ்சுல தேய்க்கற வழக்கமும் இருக்கு பாருங்க, அதுவும் வேண்டாம். தோல் வழியாவும் உள்ள போகும். குழந்தை தோலுல இன்னும் சுலபமாப் போகும்.

வலிப்பு நோய் இருக்கறவங்க வீட்லயும் இதே ஜாக்கிரதை வேணும். கற்பூரம், நீலகிரி கலந்த தைலத்தைத் தெனமும் தேய்ச்சும் மோந்தும் பழகினவங்களுக்கு வலிப்பு வந்ததையும், அதை நிறுத்தினதும் நின்னதையும் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்களே மருத்துவ இதழ்கள்ல எழுதியிருக்காங்க. தலைவலித் தைலத்தை யாரும் சந்தேகப்படறதே இல்ல. டாக்டர் "என்ன மருந்து சாப்பிடறீங்க"ன்னு கேட்டா மாத்திரை பேரை மட்டும் சொல்லுவோம். தைலத்தையும் சொல்லுங்க.

சரி, இப்ப நிதானமாப் பேசலாம்.

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் போறப்ப ரோட்டோரமோ காட்டோரமோ ஒரு கொட்டகை தெரியும். மேல ஓலையோ தகரமோ போட்டிருப்பாங்க, பக்கத்துல காய்ஞ்ச இலை மலை மாதிரிக் குவிஞ்சிருக்கும். அங்கத்த ஆளுங்க கற்பூர மரம்னு சொல்ற யூகலிப்டஸ் இலைதான் அது. 1840-கள்ல வெள்ளைக்காரங்க விறகுக்காக ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டாந்து வெச்சது, இப்ப ஊட்டி அடையாளமே ஆயிடுச்சு. பெரிய கொப்பரைல இலையை அமுக்கி, தண்ணி ஊத்தி, மூடி போட்டு, கீழ அதே காஞ்ச சருகையே போட்டு எரிக்கறாங்க. ஆவி ஒரு குழாய் வழியா தண்ணித் தொட்டிக்குள்ள போய்க் குளுந்து, இந்தப் பக்கம் பாத்திரத்துல சொட்டும். தண்ணி அடில, மேலாப்புல ஒரு விரக்கடை எண்ணெய். ஒரு தடவை அந்தக் கொட்டகைக்கிட்ட நின்னு பாத்தேன். பத்தடி தள்ளி நிக்கறப்பவே கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. அங்க வேலை செய்யற அண்ணன் தலைல துண்டைக் கட்டி மூக்கையும் சேத்து மூடியிருந்தாரு. பாத்திரத்தைத் திறந்தப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் திறந்தாரு.

நூறு கிலோ இலைக்கு ஒண்ணு, ஒண்ணரைக் கிலோ எண்ணெய் வந்தாப் பெருசு. ரோஜாவுல இன்னும் மோசம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூவாயிரம் நாலாயிரம் கிலோ இதழ் வேணும். வெட்டிவேர் எண்ணெய் கடலூர்ப் பக்கம் எடுக்கறாங்க, வேரை மணிக்கணக்கா வேக வெச்சாத்தான் கொஞ்சமாவது இறங்கும்.

நாம என்னமோ "இயற்கை, மூலிகை, பக்க விளைவே இல்ல"ன்னு நினைச்சு அந்த பாட்டிலைத் தூக்கறோம். ஒரு செடி தன்னைப் பூச்சிக்கிட்ட இருந்தும் பூஞ்சைக்கிட்ட இருந்தும் காப்பாத்திக்க வெச்சிருக்கற ரசாயனத்தை மட்டும் தனியாப் பிழிஞ்சு எடுத்த சரக்கு அது. புதினாத் தொவையல் சாப்பிடறதும் புதினா எண்ணெய் ஒரு சொட்டு நாக்குல விடறதும் ஒண்ணே இல்ல. அது பாட்டில்ல அடைச்ச மருந்து. மருந்துன்னா அளவு உண்டு. இதுல அளவு சொட்டுலதான்.

எங்க வீட்ல பசங்களுக்கு இதைப் புரிய வெக்க ஒண்ணு செஞ்சு காட்டினேன். டிவி வந்த பெட்டியில இருந்து தெர்மகோல் துண்டு ஒண்ணை எடுத்து, அது மேல ஆரஞ்சு எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆகல. அப்புறம் அந்த இடம் பளபளன்னு ஆச்சு, ஓரம் சுருங்குச்சு, மெதுவா உள்வாங்கி ஒரு குழி. குச்சியால தொட்டா பசை மாதிரி இழுபடுது. ஆரஞ்சு எண்ணெயில தொண்ணூறு சதவீதத்துக்கு மேல லிமோனின். தெர்மகோலை அது கரைச்சுடும். பெரியவன் ஒரே கேள்விதான் கேட்டான்: "அம்மா, இதைத் தண்ணில கலந்து குடிக்கச் சொல்றாங்களே?"

சொல்றாங்க. "எலுமிச்சை எண்ணெய் ரெண்டு சொட்டு வெதுவெதுப்பான தண்ணில, தொப்பை குறையும்". வேண்டாங்க. எலுமிச்சம்பழம் அஞ்சு ரூபாய்க்குக் கிடைக்குது, பிழிஞ்சு குடிங்க. எண்ணெய் தண்ணில கரையாது. மேலாப்புல மிதந்து, முதல் மடக்குல அப்படியே வாய்க்கும் தொண்டைக்கும் போய் சுடும். உள்ளுக்குச் சாப்பிடறது வீட்டுச் சமாச்சாரமே இல்ல, வைத்தியர் கண்ணு முன்னால நடக்க வேண்டியது. குளிக்கற வாளித் தண்ணில சொட்டு விடறதுக்கும் இதே பதில்தான். மிதக்கற எண்ணெய் நேரா தோலுல போய் ஒட்டும்.

உடம்புல தடவறதுக்கு என் கணக்கு ரொம்பச் சுலபம். சமையல்கட்டுல அளவுக் கரண்டி செட் இருக்குமே, அதுல டீஸ்பூன்னா 5 மில்லி. டிராப்பர் பாட்டில்ல ஏறக்குறைய இருபது சொட்டு ஒரு மில்லி. அப்ப ஒரு டீஸ்பூன் சமையல் எண்ணெய்க்கு ஒரு சொட்டு வாசனை எண்ணெய்னா ஒரு சதவீதம். ரெண்டு சொட்டுன்னா ரெண்டு சதவீதம். பெரியவங்க உடம்புக்கு ரெண்டு போதும், மூஞ்சிக்கு ஒண்ணு போதும், அதுக்கு மேல எனக்குத் தேவைப்பட்டதே இல்ல.

எந்த எண்ணெயில கலக்கறதுன்னு நெறைய மாத்தி மாத்திப் பாத்தேன். நல்லெண்ணெய்க்கு அதோட மணமே தூக்கல், லாவெண்டரை அமுக்கிடுது. ஆனா வெட்டிவேரோட சேந்தா அமிர்தம், ரெண்டும் மண்வாசனைக் குடும்பம். செக்குத் தேங்காய் எண்ணெய் ஆரஞ்சுக்குப் பொருத்தம், மார்கழில உறைஞ்சு போறது ஒண்ணுதான் தொந்தரவு. பாதாம் எண்ணெய் சத்தமில்லாம எல்லாத்தோடவும் ஒத்துப் போகும், விலைதான் கடி.

கலந்ததும் உடம்பு பூராத் தேய்ச்சுடாதீங்க. முழங்கை மடிப்புல உள்பக்கம் துளி தடவிட்டு ஒரு நாள் விடுங்க. செவந்தா, அரிச்சா, அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது.

எல்லா எண்ணெய்க்கும் ஒரே கணக்கு இல்லைங்கறதையும் சொல்லணும். கிராம்பு எண்ணெய், லவங்கப்பட்டை எண்ணெய், எலுமிச்சம்புல் எண்ணெய் மூணும் தோலைப் பதம் பாக்கற ரகம். கிராம்பு எண்ணெய்ல முக்காவாசி யூஜினால். தோலுல அது அரை சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, அதாவது ரெண்டு டீஸ்பூனுக்கு ஒரு சொட்டு. லவங்கப்பட்டை எண்ணெயை நான் தோல் பக்கமே கொண்டு போறதில்ல. பல்வலிக்குன்னு கிராம்பு எண்ணெயைப் பஞ்சுல முக்கி அப்படியே ஈறுல அமுக்கறவங்க, அங்க வெள்ளையாத் தோல் உரிஞ்சு நிக்கறதைப் பாத்திருப்பீங்க. குழந்தைங்க இதைக் கொஞ்சம் முழுங்கினாலே கல்லீரல் அடி வாங்கும். பல் முளைக்கற குழந்தைக்கு ஈறுல தடவச் சொல்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம்.

ஊட்டில இன்னொரு பாட்டில் விப்பாங்க. மூட்டுவலித் தைலம்னு கேட்டா எடுத்து நீட்டுவாங்க. வின்டர்கிரீன். நீலகிரிலயே விளையற ஒரு குத்துச்செடி, அதோட இலைல எடுக்கறது. மூட்டுவலிக் களிம்புல வர்ற அதே வாசனை. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினோட நெருங்கின சொந்தம். இதுல ஒரு டீஸ்பூன் முழுங்கினா இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரையை மொத்தமாப் போட்ட கணக்கு. சின்னக் குழந்தை உசுருக்கு அது எமன்.

பெரியவங்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கு, அது யாரும் பேசாதது. இருதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கறவங்க இருக்காங்கள்ல? அவங்க இந்தத் தைலத்தை முழங்கால்ல தெனமும் தேய்ச்சா அது தோல் வழியா உள்ள போய் மாத்திரையோட சேந்துக்கும். ரத்தக்கசிவு வரலாம். முழங்கால் வலியும் இருதய மாத்திரையும் ஒரே ஆளுக்கு இருக்கறது நம்ம வீடுகள்ல சகஜம்தானே? எங்க மாமனாருக்கு ரெண்டும் உண்டு. அதனால எங்க வீட்டுக்குள்ள அந்த பாட்டில் வர்றதில்ல. சொந்தக்காரங்க பாசமா வாங்கிட்டு வந்தா நன்றி சொல்லி வாங்கி வெச்சுப்பேன், அவர் கைக்குப் போகாது. அவருக்கு சுடுதண்ணிப் பைதான். ஆஸ்பிரின் ஒத்துக்காதவங்களுக்கும், கர்ப்பமா இருக்கறவங்களுக்கும்கூட இது ஆகாது. கர்ப்பிணிங்க பொதுவாவே எந்த எண்ணெயா இருந்தாலும் டாக்டர் கிட்ட கேட்டுட்டுத் தொடுங்க.

டிஃப்யூசருக்கு வருவோம். இப்பல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு சுவர்க் கடிகாரம் போய் டிஃப்யூசர் வந்துடுச்சு. தண்ணி ஊத்தி, சொட்டு விட்டு, சுவிட்ச் போட்டா புகை மாதிரி வருமே, அதான். அழகான சாமான், எனக்குப் பிடிச்ச சாமான்.

ஆனா மூக்கு ஒரு வேலை பண்ணும். ஒரே வாசனை பத்து இருபது நிமிஷம் தொடர்ந்து வந்தா அதைக் கண்டுக்கறதை விட்டுடும். வாசனை அறையில அப்படியேதான் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. "என்னடா, தீந்துபோச்சா"ன்னு இன்னும் நாலு சொட்டு விடுவோம். அப்புறம் இன்னும் நாலு. வெளிய இருந்து வர்றவங்க வாசல்லயே தும்முவாங்க. வீட்ல இருக்கறவங்களுக்குத் தலை கனக்கும், ஏன்னே தெரியாது. அதிகமாப் போறதுக்கு மூல காரணம் பேராசை இல்லீங்க, மூக்கோட இந்தப் பழக்கம்தான்.

அதனால மூக்கை நம்பாதீங்க, கடிகாரத்தை நம்புங்க. நூறு மில்லி தண்ணிக்கு மூணு சொட்டுல ஆரம்பிங்க. அரை மணி நேரம் ஓடட்டும், அதிகபட்சம் ஒரு மணி நேரம். அப்புறம் நிறுத்திடுங்க. ஒரு ஜன்னலாவது ஒருக்களிச்சு இருக்கட்டும். ஏசி போட்டு, கதவைச் சாத்தி, ராத்திரி பூரா ஓட விடறது கூடவே கூடாது. நான் படுக்கப் போறதுக்கு முன்னாடி லாவெண்டர் ரெண்டு சொட்டு போட்டு ஓட விட்டு, படுக்கறப்ப அணைச்சுடுவேன். மிச்சம் இருக்கற மணமே தாராளம்.

வீட்ல ஆஸ்துமாக்காரங்க இருந்தா அவங்களைக் கேட்காம எதையும் போடாதீங்க. "மூலிகைதானே, மூச்சுக்கு நல்லது"ன்னு நாம சொல்றது அவங்க மூச்சுக்குழாய்க்குத் தெரியாது. கடுமையான எந்த வாசனையும் இழுப்பைக் கிளப்பலாம், ஊதுபத்தியும் சாம்பிராணியும்கூட.

நெருப்பையும் மறக்காதீங்க. மண்ணுல செஞ்ச விளக்கு ஒண்ணு விக்குதே, கீழ மெழுகுவத்தி, மேல குழில எண்ணெய். அதுல தண்ணி வத்திப் போனா எண்ணெய் நேரா சூடாகும். நீலகிரி, ஆரஞ்சு ரெண்டும் ஐம்பது டிகிரிக்கு முன்னப்பின்னயே பத்திக்கற ஆவியை விடுற ஜாதி. பூஜை அலமாரில, குத்துவிளக்குப் பக்கத்துல இந்த பாட்டில்களை வெக்கறவங்க இன்னிக்கே எடுத்து வேற இடத்துல வெச்சுடுங்க.

பூனை வளக்கறவங்களுக்கு: டீ ட்ரீ எண்ணெய் வீட்டுக்குள்ளயே வேண்டாம். இந்த எண்ணெய்களை உடைச்சு வெளியேத்தற ஒரு வழி நம்ம கல்லீரல்ல இருக்கு, பூனைக்கு அது ரொம்பக் குறைவு. உண்ணி போகும்னு தடவி விட்டா பூனை தள்ளாடும், நடுங்கும், செத்தும் போகும். டிஃப்யூசர் ஓடறப்ப அது எழுந்து வெளிய போக வழி இருக்கணும்.

ஆவி பிடிக்கறதைப் பத்தித் தனியா எழுதணும், ஆனா ரெண்டு வரி இங்கயே. பெரியவங்க மட்டும் பிடிங்க. கொதிக்கறதை அடுப்புல இருந்து இறக்கினதும் குனியாதீங்க, கொஞ்சம் ஆறட்டும். நீலகிரி ஒரு சொட்டு போதும், கண்ணை மூடிக்கோங்க. போர்வைக்குள்ள குழந்தையையும் இழுத்து வெச்சுக்கிட்டுப் பிடிக்கறாங்களே, பாத்திரம் கவுந்து வெந்து போன பிள்ளைங்க எத்தனையோ.

அடுத்தது வெயில். பெர்கமாட் எண்ணெய், அமுக்கிப் பிழிஞ்ச எலுமிச்சை எண்ணெய், சாத்துக்குடிக் குடும்பத்துல இன்னும் சிலது, தோலுல பட்டுட்டு வெயில்ல போனா கொப்புளிக்கும், அப்புறம் கறுத்துப் போய் மாசக்கணக்கா மாறாது. பூசினா பன்னெண்டு மணி நேரம் வெயில் ஆகாது. நம்ம ஊர் வெயிலுக்கு, ராத்திரி தவிர வேற நேரமே இல்லைன்னு வெச்சுக்கோங்க. (வாசனைக்கு வீட்ல டிஃப்யூசர்ல போட்டா இந்தப் பிரச்சினை இல்ல.)

வாங்கறப்ப என்ன பாக்கறதுன்னு நெறைய பேர் கேக்கறாங்க. நான் முதல்ல தேடறது செடியோட தாவரவியல் பேரு லேபிள்ல இருக்கான்னு. "லாவெண்டர்"னு மொட்டையா இருக்கக் கூடாது, லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியான்னு இருக்கணும். அடர்நிறக் கண்ணாடி பாட்டிலா, தயாரிச்ச தேதி உண்டா, அடுத்தது அது. எல்லாத்தை விடவும் நல்ல துப்பு, விலை. ஒரே கம்பெனில சந்தனம், ரோஜா, மல்லி, எலுமிச்சம்புல் எல்லாம் ஒரே விலைன்னா, நம்பவே நம்பாதீங்க. எலுமிச்சம்புல் வயல்ல அள்ளிக் கட்டற புல்லு. சந்தன மரம் வைரம் பாய பதினஞ்சு இருபது வருஷம் ஆகும். ரெண்டும் எப்படி ஒரே விலையாகும்?

மல்லியைப் பத்தி ஒரு சின்னக் கிளைக்கதை. மல்லிகைப் பூவை ஆவில வேக வெச்சா மணம் செத்துடும். அதனால மதுரை, சத்தியமங்கலம் பக்கத்துப் பூவைக் கரைப்பான்ல ஊற வெச்சு, முதல்ல மெழுகு மாதிரி ஒண்ணை எடுத்து, அதை மறுபடி சாராயத்துல கழுவித்தான் அத்தர்க்காரங்களும் சென்ட் கம்பெனிக்காரங்களும் தேடற அந்தச் சாறை எடுக்கறாங்க. வெளிநாட்டு சென்ட் பாட்டில்களுக்குள்ள நம்ம ஊர் மல்லி போய் உக்காந்திருக்கு, நினைச்சாலே பெருமையா இருக்கு. அவ்வளவு பாடுபட்டு எடுத்த சாறு 150 ரூபாய்க்கு வராதுங்க. வர்றது செயற்கை வாசனை. அது பாவம் ஒண்ணும் இல்ல, ரூம் மணக்கும். ஆனா அதைத் தைலம்னு நினைச்சு உடம்புல தேய்க்கக் கூடாது.

மொத்தத்துல இதெல்லாம் எதுக்கு உதவும்னு கேட்டா, என் அனுபவத்துல மனசு லேசாகும். படபடப்பு கொஞ்சம் அடங்கும், தூக்கத்துக்கு ஒரு வாசப்படி போட்ட மாதிரி இருக்கும். அதுவே பெரிய விஷயம். பிரெஞ்சு ரசாயனக்காரர் ஒருத்தர், ரெனே மோரிஸ் கட்டஃபோசே, 1937-ல அரோமாதெரபின்னு பேரு வெச்சுப் புத்தகம் போட்டாரு. லேப்ல கை வெந்து போய் பக்கத்துல இருந்த லாவெண்டர் எண்ணெய்க்குள்ள கையை விட்டாரு, உடனே ஆறிடுச்சுன்னு அவரைப் பத்தி ஒரு கதை சுத்தும். அவரே எழுதினது வேற. 1910 விபத்துல பட்ட தீக்காயம் அழுக ஆரம்பிச்சப்ப லாவெண்டர் போட்டுக் கழுவினதா எழுதியிருக்காரு. கதை சொல்லிச் சொல்லியே ஊதிப் பெருசான மாதிரிதான் இந்த எண்ணெய்களோட புகழும். சக்கரை குறையும், தைராய்டு போகும், கட்டி கரையும்னு யாராவது சொல்லி வித்தா அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துடுங்க.

டிஃப்யூசர் பத்திப் பேசினப்ப ஒண்ணு விட்டுப் போச்சு: வெட்டிவேரை மட்டும் அதுல போடாதீங்க. தேன் மாதிரிக் கெட்டி, டிராப்பர்லயே இறங்காது, இறங்கினா தட்டுல பிசுக்கா ஒட்டிக்கும். மெருகு போடாத மண் அகல் ஒண்ணு எடுத்து அதுல ஒரு சொட்டு தடவி ஜன்னல் ஓரம் வெச்சுடுவேன். மத்தியான வெயில் படறப்ப மெதுவா வரும் பாருங்க. மண்ணு அதைக் குடிச்சு வெச்சுக்கும், ஒரு வாரத்துக்கு மேல வரும்.

ஏதாவது ஆயிடுச்சுன்னா: தோலுல நேராப் பட்டு எரிஞ்சா உடனே சோப்புப் போட்டு, தண்ணி ஓட விட்டு நல்லாக் கழுவுங்க. கண்ணுல பட்டா பதினஞ்சு நிமிஷம் நல்ல தண்ணி ஓட விட்டுக் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க. குழந்தை முழுங்கிட்டா வாந்தி எடுக்க வெக்கவே கூடாது, பாலும் ஊத்த வேண்டாம். வாந்தில வர்ற எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா அது வேற பெரிய வினை. பாட்டிலைக் கையிலயே எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, 108-க்கு அடிங்க. டெல்லி எய்ம்ஸ்ல விஷமுறிவுத் தகவல் மையம் இருக்கு, 1800 116 117, கட்டணமில்லாத நம்பர். ஃபோன்ல போட்டு வெச்சுக்கோங்க.

அதனால பாட்டில் எல்லாம் பசங்க கை எட்டாத உயரத்துல, பூட்டற அலமாரில. மூடி இறுக்கமா. வெயில் படாம. ரப்பர் டிராப்பரோட மூடி வெக்காதீங்க, எண்ணெய் ரப்பரை அரிச்சுடும்.

திறந்த தேதியை பாட்டில்ல எழுதி ஒட்டிடுங்க. ஆரஞ்சு, எலுமிச்சை வகை ஒரு வருஷம். மத்தது ரெண்டு மூணு வருஷம் தாங்கும். காத்துப் பட்டுப் பட்டு பழசான லிமோனின் தோலுல அலர்ஜியைக் கிளப்பும். புதுசுல ஒத்துக்கிட்ட அதே எண்ணெய், பழசானதும் தடிக்க வெக்கும். ஆனா தூக்கிப் போட வேண்டியதில்ல. புதுப் பாத்திரத்துல கடைக்காரங்க ஒட்டின ஸ்டிக்கர் பிசின் போகவே போகாதே, கையுறை போட்டுக்கிட்டு, பழைய ஆரஞ்சு எண்ணெயைத் துணில ரெண்டு சொட்டு விட்டுத் துடைச்சுப் பாருங்க. எவர்சில்வர்னா பளிச்சுனு வந்துடும். பிளாஸ்டிக் டப்பால மட்டும் வேண்டாம், அந்தத் தெர்மகோல் கதி ஆயிடும்.